ஏழெழுத்து ஊரும் பெயர் தெரியாத மென்பொருள்களும்

பரணிலிருந்து இறக்கிய அட்டைப்பெட்டியின் அடியில் அந்தச் சிறு புத்தகம் கிடந்தது. மருந்தீசுவரர் கோயில் தலவரலாறு. அறுபதுகளில் அச்சானது, நாற்பது பக்கத்துக்கும் குறைவு. திருவான்மியூரில் கடற்கரையிலிருந்து நாலு தெரு தள்ளியிருக்கும் வீட்டில் காகிதம் என்ன பாடுபடுமோ அவ்வளவும் பட்டிருந்தது. ஓரமெல்லாம் டிக்காஷன் நிறம். நடுவில் ஈரம் இறங்கிய திட்டுகள். உப்புக்காற்றில் துருப்பிடித்த கம்பி இரண்டு தாள்களைத் தின்றிருந்தது. இன்னும் இரண்டு ஐப்பசி தாங்காது என்று தோன்றியது.

ஜெராக்ஸ் எடுத்து வைக்கலாம். படமெடுத்து வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்களுக்கு அனுப்பலாம். ஆனால் படம் படம்தான். தலமரமான வன்னி எந்தப் பக்கத்தில் வருகிறது என்று படத்துக்குள் தேட முடியாது. கண் மங்கியவர்களுக்காகக் கணினியை வாசித்துக்காட்டச் சொல்ல முடியாது. எழுத்தாக மாற்றினால்தான் அதெல்லாம் நடக்கும். மூன்று வார மாலைகளில் அந்த வேலை முடிந்தது. அதைச் செய்துகொடுத்த மென்பொருள்கள் எதற்கும் விளம்பரப் பலகை கிடையாது, பெயர் சொன்னால் பத்தில் ஒன்பது பேருக்குத் தெரியாது. அவற்றைத்தான் இங்கே சிபாரிசு செய்கிறேன். அவை எப்படி வேலை செய்கின்றன என்பதையும் சொல்லிவிட்டால், ஏன் சிபாரிசு செய்கிறேன் என்பது விளங்கிவிடும்.

எல்லாமே கட்டற்ற மென்பொருள்கள். கட்டற்றது என்றால் இலவசம் என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ல் க்னூ திட்டத்தை அறிவித்தபோது அவர் கேட்டது காசில்லாத மென்பொருளை அல்ல. எதற்கும் பயன்படுத்த, உள்ளே பிரித்துப் பார்க்க, மாற்ற, பிறருக்குக் கொடுக்க உரிமையுள்ள மென்பொருளை. தமிழ் மாதிரி ஒரு மொழிக்கு இந்த 'மாற்றும் உரிமை' உயிர்நாடி. ஒரு நிறுவனத்துக்குத் தமிழில் லாபம் தெரியாவிட்டால் அது தமிழைச் சேர்க்காது. மூலநிரல் திறந்திருந்தால் நாமே சேர்த்துக்கொள்ளலாம்.

முதல் வேலை, படத்தைச் சுத்தம் செய்வது. இதற்கு ஸ்கேன் டெய்லர் அட்வான்ஸ்ட் என்று ஒரு மென்பொருள். விரித்துவைத்த புத்தகத்தின் படத்தைக் கொடுத்தால் நடுவில் வெட்டி இரண்டு பக்கமாக்கும், சாய்ந்த வரிகளை நிமிர்த்தும், முதுகுப்புறத்தில் வளைந்து ஓடும் வரிகளை இழுத்து நேராக்கும். கடைசியில் பக்கத்தைத் தூய கறுப்பு வெள்ளையாக்கும். இந்தக் கடைசிப் படிதான் கடற்கரை வீட்டுப் புத்தகங்களுக்குச் சோதனை.

கணினிக்கு ஒரு படப்புள்ளி என்பது 0 முதல் 255 வரை ஓர் எண்: 0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை. எந்த எண்ணுக்குக் கீழே இருந்தால் மை, மேலே இருந்தால் காகிதம்? ஜப்பானியப் பொறியாளர் நோபுயுகி ஓட்சு 1979-ல் இதற்கு ஒரு வழி சொன்னார். பக்கத்தில் உள்ள எல்லாப் புள்ளிகளையும் நிறவாரியாக எண்ணி அடுக்கினால் இரண்டு மேடுகள் தெரியும், ஒன்று மை, மற்றது காகிதம். இரு கூட்டமும் தமக்குள் அதிகம் சிதறாமல், ஒன்றைவிட்டு ஒன்று அதிகபட்சம் விலகி நிற்கும்படி பிரிக்கிற எண்ணே எல்லைக்கோடு. புதுப் புத்தகத்தில் இது அழகாக வேலை செய்யும். ஈரத்திட்டு உள்ள பக்கத்தில் செய்யாது. திட்டின் பழுப்பும் ஓரத்தில் மங்கிப்போன மையும் ஏறத்தாழ ஒரே எண்ணில் வந்து நிற்கும். முழுப் பக்கத்துக்கும் ஒரே எல்லைக்கோடு போட்டால் திட்டு முழுவதும் கறுப்பாகிவிடும், அல்லது ஓரத்து எழுத்து மறைந்துவிடும். அதனால் ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் அக்கம்பக்கத்தைப் பார்த்துத் தனித்தனி எல்லை வகுக்கும் முறைகள் வந்தன. சவோலா முறை அவற்றில் ஒன்று. ஸ்கேன் டெய்லரில் அதைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் என் புத்தகத்தின் பன்னிரண்டாம் பக்கம் கண்ணுக்கே வந்தது. ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அளவில் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். அதற்குக் குறைந்தால் தமிழின் மேற்புள்ளிகள் முதலில் காணாமல் போகும்.

அடுத்தது படிக்கும் வேலை. டெசராக்ட் என்ற எழுத்துணரியின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1985 முதல் 1994 வரை எச்.பி. நிறுவனத்தின் ஆய்வுக்கூடங்களில் உருவானது. 1995-ல் நெவாடா பல்கலைக்கழகம் நடத்திய துல்லியச் சோதனையில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தது. அதன் பிறகு பத்து வருடம் யாரும் தொடாமல் கிடந்தது. 2005-ல் மூலநிரலைத் திறந்துவிட்டார்கள். 2006 முதல் கூகுள் ஆதரவில் வளர்ந்தது, உலகம் முழுக்க ஆட்கள் சேர்ந்தார்கள். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் படிக்கிறது, தமிழும் உண்டு. கட்டளை தட்டத் தயங்குபவர்கள் ஜி-இமேஜ்-ரீடர் என்ற முகப்பை நிறுவிக்கொண்டால் போதும். விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். மொழிக் கோப்புகளில் 'ஃபாஸ்ட்' என்றும் 'பெஸ்ட்' என்றும் இரண்டு வகை இருக்கின்றன. பழைய புத்தகத்துக்கு 'பெஸ்ட்' எடுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் பலன் உண்டு.

2018-ல் வந்த நான்காம் பதிப்பிலிருந்து டெசராக்ட் எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பார்ப்பதை விட்டுவிட்டு வரியாகப் படிக்கிறது. ஒரு வரியின் படத்தை மெல்லிய செங்குத்துக் கீற்றுகளாக நரம்பு வலை ஒன்று பார்த்துக்கொண்டே போகும். பார்த்ததில் எதை நினைவில் வைப்பது, எதை மறப்பது என்பதைப் பயிற்சியில் கற்றுக்கொண்ட வலை அது. 1997-ல் ஹோக்ரைட்டரும் ஷ்மிட்ஹூபரும் அறிமுகப்படுத்திய அமைப்பு. நாமும் அப்படித்தான் படிக்கிறோம். 'பூசணிக்' என்று படித்தவுடன் 'காய்' பாதி அழிந்திருந்தாலும் கண் தாண்டிப் போய்விடுகிறது அல்லவா?

என் புத்தகத்தின் முதல் வரியை அது 'திருவரன்மியூர்' என்று படித்தது.

தவறு ஒரு புள்ளிகூட இல்லை, ஒரு கால். பழைய அச்சில் ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் வித்தியாசம் மயிரிழைதான். சுற்றியுள்ள எழுத்துகளை வைத்துத்தான் நாம் பிரித்தறிகிறோம். வலையும் அப்படித்தான் முயல்கிறது, ஆனால் பயிற்சியில் நம் ஊர்ப்பெயரை அது அதிகம் சந்தித்திருக்காது. இதே வகைச் சிக்கல் 'கௌ'விலும் உண்டு: அதன் பின்பாதியும் ளகரமும் கண்ணுக்கு ஒன்றே. 'கௌரி' என்பது 'கெளரி'யாக வந்து நிற்கும். அச்சில் பார்த்தால் தெரியாது, தேடும்போதுதான் தெரியும்.

இன்னொரு வகைத் தவறுக்கு வரலாறு காரணம். பெரியார் 1935-ல் 'குடி அரசு' இதழில் கையாளத் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978 அக்டோபரில்தான் ஏற்றது. அதற்கு முந்தைய புத்தகங்களில் லை, னை, ணை, ளை ஆகியவை மேலே துதிக்கை வைத்த உருவத்தில் இருக்கும். னா, ணா, றா ஆகியவை சுழித்துக்கொண்டு இருக்கும். டெசராக்டின் தமிழ்ப் பயிற்சிக்குப் பெரும்பாலும் இன்றைய கணினி எழுத்துருக்களில் வரைந்த வரிகளைத்தான் கொடுத்தார்கள். பார்க்காத உருவத்தை அது எப்படிப் படிக்கும்? இங்கேதான் திறந்த நிரலின் அருமை தெரிகிறது. ஒரு வரியின் படம், அதன் சரியான எழுத்து என்று இணை இணையாகச் சேர்த்துக் கொடுத்தால், ஏற்கெனவே கற்ற வலைக்கு மேலும் கற்றுக்கொடுக்கலாம். அதற்கான கருவியையும் வெளியிட்டிருக்கிறார்கள். சில நூறு வரிகளைக் கையால் தட்டி நானும் கொடுத்துப் பார்த்தேன். துதிக்கை லகரம் வசப்பட்டுவிட்டது. மூடிய மென்பொருளிடம் இப்படிப் பாடம் நடத்த முடியாது.

படித்து முடித்ததைக் கணினி எப்படி வைத்துக்கொள்கிறது என்பது அடுத்த அதிசயம். திருவான்மியூர் என்பதில் எத்தனை எழுத்து? தி, ரு, வா, ன், மி, யூ, ர்: ஏழு. கணினியைக் கேட்டால் 14 என்னும். சேமிக்க எவ்வளவு இடம் என்றால் 42 பைட் என்னும். மூன்றும் சரி. தமிழுக்கு 247 எழுத்து இருந்தாலும் யூனிகோடில் தமிழுக்கென ஒதுக்கிய பகுதியில் குறியீடு பெற்றவை 72 மட்டுமே. உயிர், அகரமேறிய மெய், உயிர்மெய்க் குறிகள், புள்ளி, எண்கள், வேறு சில. 'தி' என்பது 2980 என்ற எண் கொண்ட தகரமும் 3007 என்ற எண் கொண்ட இகரக் குறியும் சேர்ந்தது. இந்த ஊர்ப்பெயரில் ஏழு எழுத்தும் இரண்டிரண்டு குறியீடாக அமைந்துவிட்டன, ஆகவே 14. இணையத்தில் வழங்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆகவே 42. ஆங்கில எஸ்.எம்.எஸ். ஒன்றில் 160 எழுத்து போகும்போது தமிழில் 70 குறியீடுதான் போகும் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ஐந்து தடவை திருவான்மியூர் என்று எழுதினால் ஒரு செய்தி தீர்ந்தது.

நிரல் எழுதுபவர்களுக்கு இது தொல்லை. தமிழ்ச் சொல்லைப் பின்னிருந்து திருப்பச் சொன்னால் புள்ளி தனியே, மெய் தனியே சிதறும். தமிழ் நிரல்மொழியான 'எழில்' படைத்த முத்தையா அண்ணாமலையும் நண்பர்களும் உருவாக்கிய 'ஓப்பன்-தமிழ்' என்ற பைத்தான் நிரல்தொகுப்பு இதைத் தீர்க்கிறது. அதைக் கேட்டால் திருவான்மியூருக்கு ஏழு என்றே பதில் வரும். கல்லூரியில் கணினி படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதைக் காட்டுங்கள். யாப்பு, அகராதி, சொல் விளையாட்டு என்று தமிழில் எதைச் செய்ய நினைத்தாலும் இங்கே தொடங்கலாம்.

பக்கத்து ஊர் கொட்டிவாக்கத்தை எடுத்துக்கொள்வோம். அதன் முதல் எழுத்து கணினியின் நினைவில் ககரம், ஒகரக் குறி என்ற வரிசையில் இருக்கிறது. திரையில் கொம்பு ககரத்துக்கு முன்னும் கால் பின்னும் நிற்கின்றன. குறியைப் பிளந்து பாதியை முன்னால் கொண்டுபோய் வைத்தது யார்? ஹார்ஃப்பஸ் என்ற மென்பொருள். பெயர் பாரசீகச் சொல்விளையாட்டு; முதன்மையாக எழுதியவர் ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபாபோத். ஆண்ட்ராய்டு, குரோம், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபிஸ் எல்லாவற்றுக்குள்ளும் இருப்பது இதுதான். உங்கள் சட்டைப்பையில் உள்ள போனில் தமிழ் சரியாகத் தெரிந்தால் பெரும்பாலும் அதற்கு இவரும் கூட்டாளிகளும் காரணம். இதை நீங்கள் நிறுவ வேண்டியதில்லை, ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. பெயராவது தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

யூனிகோடுக்கு முன்னால் ஒவ்வொரு எழுத்துருவும் தனித் தீவு. கொம்பை முன்னால் தட்டினால் முன்னால் சேமிக்கும். வேறு எழுத்துருவில் திறந்தால் ஒன்றும் புரியாது. அந்தக் காலத்து முறையில் அச்சுக்குத் தயாரித்த பிடிஎஃப் கோப்புகள் இன்றும் நிறைய. திரையில் அழகான தமிழ், நகலெடுத்து ஒட்டினால் கிறுக்கல். இதற்கு ஓசிஆர்-மை-பிடிஎஃப் என்ற சிறு மென்பொருள் மருந்து. பக்கங்களைப் படமாக எடுத்து, டெசராக்டிடம் படிக்கக் கொடுத்து, கிடைத்த எழுத்தைக் கண்ணுக்குத் தெரியாத அடுக்காக அதே பிடிஎஃப்பின் மேல் பரப்பிவிடும். தோற்றம் மாறாது, தேடினால் கிடைக்கும். பழைய மலர்களும் நினைவுச் சிறப்பிதழ்களும் வைத்திருப்பவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும்.

திருத்தும் வேலைக்கு வருவோம். எவ்வளவு நல்ல எழுத்துணரியும் மனிதக் கண்ணை விடுவிப்பதில்லை. லிப்ரே ஆபிஸில் தமிழுக்குப் பிழைதிருத்தி சேர்த்துக்கொள்ளலாம். அதன் அடியில் இருப்பது ஹன்ஸ்பெல். ஹங்கேரிய மொழிக்காகப் பிறந்தது. அந்த மொழியும் நம் மொழியைப் போல ஒட்டு மேல் ஒட்டு போட்டுக்கொண்டே போவது. 'வீட்டிலிருந்துதானே' என்பதையும் அதன் அண்ணன் தம்பிகளையும் அகராதியில் ஒவ்வொன்றாக ஏற்ற முடியாது, ஆகவே அடிச்சொல்லும் ஒட்டு விதிகளும் மட்டும் கொடுத்தால் மற்றதை அதுவே கட்டிப்பார்க்கும்படி அமைத்தார்கள். தமிழ் விதிகள் இன்னும் போதுமான அளவு எழுதப்படவில்லை. நல்ல சொல்லுக்கும் சிவப்புக் கோடு விழத்தான் செய்கிறது. இலக்கணம் படித்தவர்கள் கை வைக்க வேண்டிய இடம் இது.

தட்டுவதற்கு, 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் வழியாக வந்த தமிழ்99 விசைப்பலகையைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். அ, ம, ம, ஆ என்று நாலு தட்டில் 'அம்மா' வந்துவிடும். லினக்ஸில் ஐபஸ், போனில் 'இண்டிக் கீபோர்டு' இரண்டிலும் கிடைக்கிறது. இரண்டும் கட்டற்றவை. கடவுச்சொல் முதல் கடிதம் வரை நாம் தட்டுவதெல்லாம் கடந்துபோகும் வாசல் விசைப்பலகை, அதன் நிரலை யாரும் திறந்து பார்க்க முடிவது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இதெல்லாம் எங்கோ நடப்பதாக நினைக்க வேண்டியதில்லை. திருவான்மியூர் ரயில் நிலையத்திலிருந்து எட்டிப் பார்த்தால் தெரியும் டைடல் பார்க்கில்தான் சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு இயங்கியது. டெபியன் லினக்ஸை அடித்தளமாகக் கொண்டு, தமிழ் உட்பட இந்திய மொழிகளில் இயங்கும் 'பாஸ்' என்ற இயங்குதளத்தை 2007-ல் வெளியிட்டவர்கள் அவர்கள். சென்னை லினக்ஸ் பயனர் குழு 1998 முதல் இருக்கிறது. கட்டற்ற மென்பொருளைத் தமிழில் எழுதும் 'கணியம்' மின்னிதழ் 2012-ல் தொடங்கியது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஓப்பன்-ஸ்ட்ரீட்-மேப் என்ற கட்டற்ற வரைபடத்தின் மீது, தண்ணீர் நிற்கும் தெருக்களைப் பொதுமக்களே தொட்டுக் குறிக்கும்படி ஓர் இணைய வரைபடம் சில நாட்களில் தயாரானது. வரைபடமும் நிரலும் திறந்திருந்ததால்தான் அவ்வளவு வேகம் முடிந்தது. அதே வரைபடத்தைச் சிக்னல் இல்லாமலும் காட்டும் 'ஆர்கானிக் மேப்ஸ்' செயலியை ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னும் போனில் இறக்கிவைப்பது என் வழக்கம்.

ஒன்றைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. பழைய தமிழ் அச்சைப் படிப்பதில் சில மூடிய இணையச் சேவைகள் டெசராக்டைவிட இன்னமும் துல்லியமானவை. தமிழ் விக்கிமூலம் என்ற கட்டற்ற இணைய நூலகத்தில் நாட்டுடைமையான நூல்கள் இரண்டாயிரத்துக்கு மேல் ஏறியபோது, தன்னார்வலர்கள் கூகுளின் எழுத்துணரியைத்தான் பயன்படுத்தினார்கள். அந்த வேலைக்கு அது சரியான முடிவு. ஆனால் அந்தச் சேவை நம் கையில் இல்லை. விதி மாறலாம், விலை வரலாம், நிற்கவும் செய்யலாம். வீட்டுக் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் வெளியே அனுப்ப எனக்கு மனமும் வராது. அவற்றுக்கு டெசராக்ட்தான். அதன் தமிழ் மேம்பட வேண்டுமானால் சரிபார்த்த வரிகள் நிறைய வேண்டும், அவை நம்மிடமிருந்துதான் வர முடியும்.

என் தலவரலாற்றுப் புத்தகத்தை எழுதியவர் எப்போது காலமானார் என்று தெரியும்வரை அதைப் பொதுவில் ஏற்ற முடியாது. ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு கழிந்தால்தான் காப்புரிமை தீரும். விக்கிமூலத்தில் அந்தத் தடை இல்லாத நூல்கள் ஆயிரக்கணக்கில் காத்திருக்கின்றன. இடப்பக்கம் எழுத்துணரி படித்தது, வலப்பக்கம் அச்சுப் பக்கத்தின் படம். மெய்ப்புப் பார்க்காத பக்கம் சிவப்பில் இருக்கும். ஒருவர் பார்த்தால் மஞ்சள், இரண்டாமவர் சரிபார்த்தால் பச்சை. ஒரு பக்கத்துக்குக் கால் மணி நேரம் ஆகும். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சிவப்புப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.